இருதய நிறுத்தமும் உயிர் மீட்பும்

மனித உடலில் ஓய்வறியாது உழைக்கும் உறுப்பு இருதயம். நிமிடத்துக்கு 70 முறை துடிப்பதாகக் கொண்டாலும், ஒரு நாளில் அதன் துடிப்புகள் ஓர் இலட்சத்தைத் தாண்டும். ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தத்தை அது உடலெங்கும் செலுத்துகின்றது. இவ்வுழைப்பு நின்றவுடன் வாழ்வும் முடிந்தது என்பதே நெடுங்காலம் மக்கள் கொண்டிருந்த முடிபு. மூச்சடங்கி நாடியும் விழுந்துவிட்டால், அதன்மேற் செய்யத்தக்கது ஈமக்கடன் ஒன்றே எனக் கருதினர். இருபதாம் நூற்றாண்டின் மருத்துவம் இம்முடிபை மாற்றியது. நின்ற இருதயம் யாவும் இறந்த இருதயம் அன்று. இருதயம் நிற்பதற்கும் உயிர் பிரிவதற்கும் இடையே சில நிமிடங்கள் உள. அந்நிமிடங்களில் நிகழ்வது யாது, செய்யத்தக்கது யாது, அதனைச் செய்தற்குரியார் யாவர் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருதயத்தின் மின்னொழுங்கு

இருதயம் ஒரு தசைப்பை. எனினும் அத்தசையை இயக்குவது மின்சாரம். வலப்பக்கச் சோணையறையின் மேற்பகுதியில் குடாச்சோணைக் கணு என்னும் சிறு இழையத்திரள் உண்டு. 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆதர் கீத் என்னும் உடற்கூற்றறிஞரும், அக்காலத்தில் மருத்துவ மாணவராயிருந்த மார்ட்டின் பிளாக் என்பவரும் இதனைக் கண்டறிந்தனர். ஓய்விலிருக்கும் வளர்ந்தவரில் இக்கணு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை சிறு மின் துடிப்பொன்றை எழுப்புகின்றது. அத்துடிப்பு சோணையறைகளில் பரவி அவற்றைச் சுருக்குகின்றது. பின்னர் சோணை இதயவறைக் கணுவைச் சேர்ந்து அங்குச் சிறிது தாமதிக்கின்றது. அதன்பின் நார்க்கற்றைகள் வழியே இதயவறைகளுக்கு இறங்கி அவற்றைச் சுருங்கச் செய்கின்றது. யேர்மனியின் மார்பேர்க் நகரில் ஆராய்ச்சி செய்த யப்பானிய அறிஞர் சுனாவோ தவாரா இவ்விரண்டாங் கணுவையும் அதன் வழியையும் 1906ஆம் ஆண்டில் விளக்கினார். இடையில் நேரும் தாமதம் பொருளற்றதன்று. சோணையறைகள் தம் இரத்தத்தை முற்றாகக் கீழே தள்ளிய பின்னரே இதயவறைகள் சுருங்க வேண்டும். அவ்வொழுங்கைக் காப்பது அத்தாமதமே.

இம்மின்னோட்டத்தை உடலின் வெளியே நின்று அளக்கும் நுண்கருவியை ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தார். அதற்காக 1924ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இன்று வைத்தியசாலைகளில் நோயாளியின் மார்பிலும் கைகால்களிலும் கம்பிகளைப் பொருத்தி எடுக்கப்படும் இருதய மின்வரைபு அக்கருவியின் வழிவந்ததே. அவ்வரைபின்றி இருதய நிறுத்தத்தின் வகைகளைப் பிரித்தறிதல் இயலாது.

நிறுத்தத்தின் நான்கு வகைகள்

பொதுமக்கள் வழக்கில் மாரடைப்பும் இருதய நிறுத்தமும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. இவை வேறு வேறு. இருதயத் தசைக்கே இரத்தம் ஊட்டும் நாடியொன்று அடைபட, அத்தசையின் ஒரு பகுதி வாடுவது மாரடைப்பு. அந்நோயாளி பெரும்பாலும் நினைவோடிருப்பார். நெஞ்சு நோவதாகச் சொல்வார். அவருடைய நாடி துடித்துக்கொண்டிருக்கும். இருதய நிறுத்தமோ இரத்தவோட்டம் முழுவதும் அறுந்துவிடும் நிலை. அவ்வாறு நேர்ந்தவர் சில விநாடிகளில் நினைவிழந்து வீழ்வார். மாரடைப்பு இருதய நிறுத்தத்துக்குக் காரணமாகலாம். ஆயினும் நிறுத்தம் யாவும் மாரடைப்பால் வருவன அல்ல. நீரில் மூழ்குதல், மின்சாரம் தாக்குதல், மிகுந்த குருதியிழப்பு, நஞ்சு ஆகியனவும் அதற்குக் காரணமாகும்.

நிறுத்தம் என்னும் சொல் இருதயம் அசைவற்றுக் கிடப்பதையே நினைப்பூட்டுகின்றது. உண்மை வேறு. மின்வரைபைக் கொண்டு நோக்கினால் இருதய நிறுத்தம் நால்வகைப்படும்.

முதலாவது, இதயவறை நார்நடுக்கம். இதயவறைத் தசையின் நார்கள் ஒருங்கே சுருங்காது, தத்தம் போக்கிற் படபடத்து நடுங்குதலே இது. இருதயத்தில் மின்சாரம் நிரம்ப உண்டு, ஒழுங்குதான் இல்லை. திறந்த மார்பினூடே நோக்கினால் புழுக்கள் நெளிவதுபோல இருதயம் தோன்றும். ஒரு துளி இரத்தமும் வெளியேறாது. இரண்டாவது, நாடியற்ற இதயவறை மிகைவேகம். இங்கு ஒழுங்கு ஓரளவு உண்டு. ஆயினும் வேகம் மிகுதலால் இதயவறைகள் நிரம்புதற்குக் காலமின்றி வெறிதே சுருங்குகின்றன. மூன்றாவது, மின்சாரம் முற்றாக அடங்கிய நிலை. வரைபு ஏறத்தாழ நேர்கோடாகும். நான்காவது, வரைபில் ஒழுங்கான துடிப்புத் தோன்றியும் நாடியில்லாத நிலை. கட்டளை பிறக்கின்றது, அதனை நிறைவேற்றத் தசைக்கு ஆற்றலில்லை, அல்லது வெளியேற்றுதற்கு இரத்தமில்லை.

இப்பகுப்பு வெறும் ஏட்டறிவன்று. முதலிரு வகைகளும் மின்னதிர்ச்சிக்கு இணங்குவன. பின்னிரு வகைகளும் இணங்காதன. கூச்சலும் குழப்பமுமாயிருக்கும் வகுப்பறையில் ஆசிரியர் மேசைமீது ஓங்கித் தட்டினால் ஒரு கணம் அனைவரும் அடங்குவர், அவ்வமைதியில் வகுப்புத் தலைவன் குரல் கேட்கும், ஒழுங்கு மீளும். மின்னதிர்ச்சி செய்வதும் அதுவே. அது இருதயத்தைத் துடிக்கச் செய்வதில்லை. நடுங்கும் நார்கள் யாவற்றையும் ஒரே கணத்தில் அடக்கி, குடாச்சோணைக் கணு மீண்டும் தலைமை ஏற்க வழிவிடுகின்றது. மாணவர் எவருமில்லாத வகுப்பறையில் மேசையைத் தட்டுவதாற் பயனென்ன? திரைப்படங்களில் நேர்கோடு கண்டவுடன் வைத்தியர் மின்னதிர்ச்சி கொடுப்பதாகக் காட்டுவது இக்காரணத்தாற் பிழையாகும்.

மறக்கப்பட்ட இரு கண்டுபிடிப்புகள்

மின்சாரத்தால் இருதய நார்கள் நடுங்கும் என்பதை லூட்விக், ஹொஃபா என்னும் யேர்மானிய ஆராய்ச்சியாளர் 1850ஆம் ஆண்டிலேயே விலங்குகளிற் கண்டு எழுதினர். மனிதருக்கு நேரும் திடீர்ச் சாவுக்கும் இந்நடுக்கமே காரணமாகலாம் என ஸ்கொத்லாந்தின் ஜோன் மக்வில்லியம் 1889ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அதன்பின் பத்தாண்டில், 1899ஆம் ஆண்டு, ஜெனீவா நகரில் பிரெவோ, பட்டெல்லி என்னும் இருவர் நாய்களின் இருதயங்களை ஆராய்ந்து ஒரு வியத்தகு செய்தியைக் கண்டனர். சிறிய மின்னதிர்ச்சி நடுக்கத்தைத் தோற்றுவித்தது. பெரிய மின்னதிர்ச்சி அந்நடுக்கத்தை நீக்கியது. நோய் செய்த பொருளே மருந்துமாயிற்று. எனினும் மருத்துவ உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1892ஆம் ஆண்டளவில், கோற்றிங்கன் நகர வைத்தியர் பிரீட்றிக் மாஸ் என்பார், மயக்க மருந்தால் இருதயம் நின்ற நோயாளர் இருவரின் நெஞ்சை வெளியிலிருந்து விரைந்து அழுத்தி அவர்களைப் பிழைப்பித்திருந்தார். அதுவும் மறக்கப்பட்டது. மாறாக, மார்பைப் பிளந்து இருதயத்தைக் கையாற் பிசைந்துவிடும் முறையே நிலைத்தது. நோர்வே நாட்டில் 1901ஆம் ஆண்டில் கிறிஸ்ரியன் இகெல்ஸ்றுட் அம்முறையால் ஒரு பெண்ணைப் பிழைப்பித்தார். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே அம்முறையாற் பயனில்லை என்பது வெளிப்படை.

மறந்ததை மீட்க வழிவகுத்தது மின்கம்பங்களில் நேர்ந்த சாவு. மின்சாரம் நகரங்களிற் பரவியபோது, கம்பிவேலை செய்த தொழிலாளர் பலர் மின்தாக்கி மாண்டனர். மின்வழங்கும் தொழிற்றுறையினர் இதனை ஆராயப் பொருளுதவினர். அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவ்வாராய்ச்சியில் ஈடுபட்டவர்களுள் ஒருவர் வில்லியம் கூவென்ஹோவன். அவர் வைத்தியரல்லர், மின்பொறியியலாளர். அவரும் துணைவரும், இரண்டாம் மின்னதிர்ச்சி நடுக்கத்தை நீக்கும் என்பதை 1933ஆம் ஆண்டில் நாய்களில் நிறுவினர். மனிதரில் இதனை முதன்முதல் நிறைவேற்றியவர் கிளீவ்லாந்து நகரச் சத்திரவைத்தியர் குளோட் பெக். 1947ஆம் ஆண்டில் 14 வயதுச் சிறுவனொருவனின் இருதயம் சத்திரசிகிச்சை முடியுந் தறுவாயில் நின்றது. பெக் மார்பை மீளத் திறந்து, அரை மணிக்கு மேலாக இருதயத்தைக் கையாற் பிசைந்தார். நார்நடுக்கம் என்பதை வரைபு காட்டியதும் இருதயத்தின்மீதே மின்னதிர்ச்சி கொடுத்தார். சிறுவன் பிழைத்தான். ஜெனீவாவில் அறியப்பட்ட உண்மை ஒரு மனித உயிரைக் காப்பதற்கு 48 ஆண்டுகள் சென்றன.

மார்பைத் திறவாமலே மின்னதிர்ச்சி கொடுக்கும் முறையை பொஸ்ரன் நகரின் போல் சோல் 1956ஆம் ஆண்டில் நோயாளரிற் செய்து வெற்றி கண்டார். போல்ற்றிமோரில் கூவென்ஹோவனும் மூடிய மார்புக்குரிய கருவியை அமைத்துக்கொண்டிருந்தார். அவரோடு பணியாற்றிய கை நிக்கபொக்கர் என்னும் இளைஞர், கனத்த மின்தகடுகளை நாயின் மார்பில் அழுத்தி வைக்கும்போதெல்லாம், மின்சாரம் பாயுமுன்னரே அதன் இரத்தவழுத்தம் சிறிது உயர்வதைக் கண்டார். அழுத்தியதே இரத்தத்தை ஓடச் செய்தது! அவ்விருவரும் சத்திரவைத்தியர் ஜேம்ஸ் ஜூட் என்பவரும் இதனை மேலும் ஆராய்ந்து 1960ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முறையைப் பெற்ற 20 நோயாளருள் 14 பேர் பிழைத்ததாக அவர்கள் காட்டினர். அதே நகரில் பீற்றர் சாபார், தலையைப் பின்சாய்த்து நாடியை உயர்த்தினால் மூச்சுவழி திறக்கும் என்பதையும், வாயோடு வாய்வைத்து ஊதுவதன் சிறப்பையும் நிறுவியிருந்தார். ஒருவர் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 16 வீதம் ஒட்சிசன் எஞ்சியிருத்தலால், அஃது இன்னொருவரின் உயிரைத் தாங்கப் போதியதாகும். 1962ஆம் ஆண்டில் பேர்னாட் லௌன் ஆடலோட்டத்துக்குப் பதிலாக நேரோட்ட மின்சாரத்தைக் கையாண்டு மின்னதிர்ச்சியின் தீங்கைக் குறைத்தார். இவ்வாறு கை, மூச்சு, மின்சாரம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தன.

இன்றைய முறை

ஒருவர் திடீரென வீழ்ந்து, தட்டி அழைத்தும் விழிக்காமல், இயல்பாக மூச்சும் விடாதிருப்பின் அதனை இருதய நிறுத்தம் எனவே கொள்ள வேண்டும். இடைவிட்டு விக்குதல்போல் எழும் மூச்சு, மூச்சன்று. இருதயம் நின்றதன் அறிகுறியே அது. அதனை மூச்செனக் கருதிக் காத்திருந்து காலத்தை இழப்போர் பலர். உடனே உதவிக்கு அழைத்தல் வேண்டும். நடுக்கம் நீக்கும் கருவி அருகிலிருப்பின் அதனை ஒருவர் கொணர்தல் வேண்டும். மற்றவர் நெஞ்சை அழுத்தத் தொடங்குதல் வேண்டும்.

நோயாளியைத் தட்டையான தளத்தில் மல்லாத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்றக் கையைக் கோத்து, முழங்கைகளை மடக்காமல் அழுத்த வேண்டும். வளர்ந்தவரில் ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வோர் அழுத்தத்தின் பின்னும் நெஞ்சு முழுதாக மேலெழ விடல் வேண்டும். அவ்வாறு எழும்போதே இருதயம் மீண்டும் நிரம்புகின்றது. பயிற்சி பெற்றவர் 30 அழுத்தங்களுக்கு 2 முறை மூச்சூட்டுவர். பெறாதவர் அழுத்தத்தை மட்டும் இடைவிடாது செய்யலாம். நீரில் மூழ்கினோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஒட்சிசன் குறைவே பெரும்பாலும் காரணமாதலின், மூச்சூட்டுதல் இன்றியமையாதது.

கையழுத்தத்தால் ஓடும் இரத்தம் இயல்பான ஓட்டத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேற்படுவதில்லை. எனினும் மூளையையும் இருதயத் தசையையும் உயிரோடு வைத்திருக்க அது துணைசெய்யும். தொடர்ந்து அழுத்த அழுத்தவே இருதயத்தின் சொந்த நாடிகளில் அழுத்தம் சிறிது சிறிதாக ஏறும். கையெடுத்தவுடன் அது விரைந்து வீழும். ஆதலின் வைத்தியசாலையிலும் மின்வரைபைப் பார்த்தல், மின்னதிர்ச்சி கொடுத்தல் ஆகிய சில விநாடிகள் தவிர, மற்றெதற்காகவும் அழுத்தம் நிறுத்தப்படுவதில்லை. மின்னதிர்ச்சி கொடுத்ததும் நாடி பாராது மேலும் 2 நிமிடம் அழுத்துவர். பின்னரே வரைபை நோக்குவர். அழுத்துவோர் களைத்துத் தளராதவாறு 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவர்.

மருந்துகள் இதற்கு அடுத்த படியிலேயே நிற்கின்றன. அதிரினலின் 1 மில்லிகிராம் 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை நாளத்திற் செலுத்தப்படும். மின்னதிர்ச்சிக்கு இணங்காத நடுக்கத்துக்கு, மூன்றாம் அதிர்ச்சியின் பின் அமியோடறோன் 300 மில்லிகிராம் கொடுக்கப்படும். பிரித்தானியாவில் வைத்தியசாலைக்கு வெளியே இருதயம் நின்ற 8,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டு நடந்து 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று இங்குக் கருதத்தக்கது. அதிரினலின் பெற்றவருள் 30 நாள் உயிர்வாழ்ந்தோர் 3.2 வீதம், பெறாதவருள் 2.4 வீதம். மூளை நலத்தோடு மீண்டவர் தொகையிலோ இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தொடக்கத்திற் செய்யப்படும் அழுத்தத்துக்கும் மின்னதிர்ச்சிக்கும் மருந்து ஈடாகாது என்பதை இது புலப்படுத்தும்.

மின்னதிர்ச்சிக்கு இணங்காத இரு வகைகளிலும் வைத்தியரின் கருத்து காரணத்தை நாடும். ஒட்சிசன் குறைவு, குருதியிழப்பு, பொற்றாசியத்தின் மிகுதி அல்லது குறைவு, உடற்குளிர்ச்சி, நுரையீரலைச் சுற்றிக் காற்று இறுகுதல், இருதயவுறையிற் குருதி தேங்குதல், நஞ்சு, குருதிக்கட்டி அடைத்தல் என்னும் எட்டையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பர். காரணம் நீங்கினாலன்றி இருதயம் மீளாது.

நாடியுள்ள ஒழுங்கின்மைகள்

இருதயம் நில்லாமலே ஒழுங்கு கெடுவதும் உண்டு. அவசர சிகிச்சையில் முதலில் எழும் வினா, துடிப்பின் பெயர் யாது என்பதன்று; நோயாளி அதனைத் தாங்குகின்றாரா என்பதே. இரத்தவழுத்தம் வீழ்தல், மயக்கம், நெஞ்சுநோ, இருதயத் தளர்ச்சியால் மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் ஆபத்து அண்மையில் உள்ளது எனக் கொள்வர்.

துடிப்பு மிகக் குறைந்தவிடத்து அத்திரோப்பீன் கொடுக்கப்படும்; அது பயன்படாவிடின் மார்பின்மேல் ஒட்டிய தகடுகளால் ஒழுங்கான மின்துடிப்பு ஊட்டப்படும். இவ்வெளித்துடிப்பூட்டும் முறையை 1952ஆம் ஆண்டில் வெளியிட்டவரும் மேற்கூறிய சோல் என்பவரே. துடிப்பு மிக விரைந்து, நோயாளியும் தளர்ந்திருப்பின் மின்னதிர்ச்சியே மருந்து. ஆனால் இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் இதயவறைத் தசை மின்னாற்றலை மீளப்பெறும் ஒரு குறுங்காலம் உண்டு. அக்கணத்தில் விழும் மின்னதிர்ச்சி நார்நடுக்கத்தையே தோற்றுவிக்கும். விளையாட்டிற் பந்து நெஞ்சில் தாக்கித் திடகாத்திரமான இளைஞர் வீழ்ந்து இறப்பதும் பெரும்பாலும் இக்கணத்தில் அடி விழுவதனாலேயே. ஆதலின் நாடியுள்ளவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்போது, கருவியை மின்வரைபோடு இணைத்து அக்கணத்தைத் தவிர்ப்பர்.

நோயாளி தளராதிருப்பின் மருந்துக்குக் காலமுண்டு. சோணையறைப் பக்கத்தில் எழும் ஒழுங்கான மிகைவேகத்தை, மூச்சை அடக்கி முக்குதலாலேயே சிலரிடம் தணிக்கலாம். தணியாவிடின் அடினோசின் 6 மில்லிகிராம் விரைந்து செலுத்தப்படும். அது சோணை இதயவறைக் கணுவைச் சில விநாடிகள் தடுத்து, சுற்றிச் சுற்றி ஓடும் மின்னலையை அறுக்கின்றது. இதயவறையில் எழும் மிகைவேகத்துக்கு அமியோடறோன் வழங்குவர். பிரான்சின் டெசேர்த்தென் 1966ஆம் ஆண்டில் விளக்கிய முறுக்குண்ட மிகைவேகத்துக்கு மகனீசியமே சிறந்தது.

காலமும் அருகிலிருப்பவரும்

நார்நடுக்கத்தால் வீழ்ந்தவருக்கு எவரும் நெஞ்சை அழுத்தாவிடின், அவர் பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 வீதம் குறைகின்றது. அழுத்தினால் அவ்வீழ்ச்சி 3 முதல் 4 வீதமாகத் தணிகின்றது. பத்து நிமிடம் வாளாவிருந்தபின் வரும் பேரறிஞராலும் பெரும்பாலும் ஆவதொன்றில்லை.

இவ்வுண்மையை உணர்ந்து, வைத்தியசாலையையே நோயாளியிடம் அனுப்பியவர் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகர வைத்தியர் பிராங்க் பன்றிட்ஜ். மாரடைப்பால் இறப்போரிற் பலர் வைத்தியசாலை சேருமுன்னரே இறக்கின்றனர் என்பதைக் கண்ட அவர், 1966ஆம் ஆண்டில் நடுக்கம் நீக்கும் கருவியை அம்புலன்ஸ் வண்டியில் ஏற்றினார். கார் மின்கலங்களால் இயங்கிய அக்கருவி ஏறத்தாழ 70 கிலோகிராம் நிறையுடையது. முதற் 15 மாதங்களில் ஏற்றிச் செல்லப்பட்ட 312 நோயாளருள் ஒருவரும் வழியில் இறக்கவில்லை.

பின்னர்க் கருவி சிறிதாகி, வரைபைத் தானே ஆராய்ந்து, மின்னதிர்ச்சி வேண்டுமா வேண்டாமா எனக் குரலால் அறிவிக்கும் தானியங்கியாயிற்று. ஐக்கிய அமெரிக்காவின் சூதாட்ட மண்டபங்களிற் காவலாளருக்கு அதனைப் பயிற்றிய ஆராய்ச்சியொன்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. நார்நடுக்கத்தால் வீழ்ந்த 105 பேருள் 53 வீதத்தினர் பிழைத்து வீடு சென்றனர். வீழ்ந்து 3 நிமிடத்துள் மின்னதிர்ச்சி பெற்றவருள் 74 வீதத்தினரும், அதற்குப் பிந்திப் பெற்றவருள் 49 வீதத்தினரும் பிழைத்தனர். இவர்களைக் காத்தவர் வைத்தியரல்லர், வாயில் காப்போர். 2021ஆம் ஆண்டு யூன் மாதம் 12ஆம் நாள், கோப்பன்ஹேகன் மைதானத்தில் பின்லாந்துக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த டென்மார்க் உதைபந்தாட்ட வீரர் கிறிஸ்ரியன் எரிக்சன் திடீரென வீழ்ந்தார். நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் மைதானத்திலேயே கிடைத்தன. அடுத்த ஆண்டு அவர் மீண்டும் ஆட்டக்களம் புகுந்தார்.

இலங்கையில் 1990 என்னும் எண்ணால் அழைக்கப்படும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களிற் தொடங்கி, 2018ஆம் ஆண்டில் வட மாகாணத்துக்கும் விரிந்தது. இச்சேவை பெரும்பேறே. எனினும் எத்துணை விரைந்து வரினும் வண்டி வந்து சேரச் சில நிமிடங்களாகும். அந்நிமிடங்களே நோயாளியின் வாழ்வையும் சாவையும் வகுப்பன. வீட்டில் தந்தை வீழ்ந்தால் அருகிலிருப்பவர் மகனோ மகளோ ஆவர். பாடசாலை மைதானத்தில் மாணவன் வீழ்ந்தால் அருகிலிருப்பவர் ஆசிரியரும் உடன்மாணவருமே. நெஞ்சழுத்தும் முறையைப் பதுமையின்மீது பழகுதற்கு ஒரு பிற்பகற் பொழுது போதும். நீச்சலையும் முதலுதவியையும் கற்பிக்கும் பாடசாலைகள் இதனையும் கற்பித்தல் கடனாகும்.

ஜெனீவாவிலும் கோற்றிங்கனிலும் கண்ட உண்மைகள் நெடுங்காலம் பயனின்றிக் கிடந்தன. அறிந்தோர் சிலராயும் செய்தோர் அவரினும் சிலராயும் இருந்தமையே காரணம். இன்று அவ்வறிவு நூல்களில் நிரம்ப உள்ளது. அதனை நூலிலிருந்து கைக்குக் கொணர்தல் கல்விக்கூடங்களின் பொறுப்பு.